ஆரஞ்சு நிறத்துல ஒண்ணு

ஃபோர்ட் வில்லியம் என்ற மலையடிவார ஊரின் கடையில் ஷோனாவின் முன்னால் ஒன்பது மலையேற்றப் பைகள் குவிந்துவிட்டன. தூக்கமில்லாமல் அவள் கண்கள் சிவந்திருந்தன.

"குளிர்காலத்துக்கு நாப்பது லிட்டர் பைதான் சரிம்மா. கயிறு, பனிக்கோடாரி எல்லாம் அடங்கிடும்," என்றான் லாக்லன். போன வாரம்தான் கிளாஸ்கோவிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன். "யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு. ஆரஞ்சு நிறத்துல இருக்கா?"

"சாம்பல் நிறம்தான் இருக்கு. எடை கம்மி, நல்லா உழைக்கும்."

"ஆரஞ்சுதான் வேணும்."

லாக்லன் சிரித்தான். "பொம்பளைங்க வந்தாலே கலர்லதான் நிப்பீங்க! முதுகுக்குப் பொருந்துதான்னு பாக்க வேணாமா? அவரையே கூட்டிட்டு வாங்க."

"அவர் ஆஸ்பத்திரியில இருக்கார். கால் முறிஞ்சு மலையில ரெண்டு நாள் கிடந்தார். குணமானா மறுபடி ஏறுவேன்கிறார்."

லாக்லனின் சிரிப்பு நின்றது. "ஐயோ! ரெண்டு நாளா? மீட்புக் குழு போகலையா?"

"போனோம்," என்றாள் ஷோனா. பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நானும் அந்தக் குழுவுலதான் இருக்கேன். பனிமூட்டத்துல அவரோட சாம்பல் பை தெரிஞ்சுது. பாறைன்னு நெனச்சு, முதல் நாளே அவரை ரெண்டு தடவ தாண்டிப் போனது நான்தான்."