நான்காவது பதில்

ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியாக வந்து தொலைக்காட்சியின் பாதியை வெளுக்கச் செய்கிறது. லிஃப்ட் மெக்கானிக் எழுந்து சீலையை இழுத்துவிடவில்லை. சோபாவில் ஓரமாகவே உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறார். மறுபக்கத்தில், சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்த இரண்டாவது கன்ட்ரோலர் சார்ஜ் இறங்கிக் கிடக்கிறது. முதல் பாகத்தை அவரும் மனைவியும் சேர்ந்துதான் ஆடி முடித்தார்கள். இரண்டாம் பாகம் வருவதற்குள் அவள் பிரிந்து போய்விட்டாள். ஆனால் அன்று செய்த நல்லது கெட்டதையெல்லாம் இந்த ஆட்டம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறது. திரையில் மலைப்பாதைச் சத்திரத்தின் கதவு திறக்கிறது; நெற்றித் தழும்போடு ஒருவன் விளக்கேந்தி வருகிறான். முதல் பாகத்தில் அவர்களிடம் பிடிபட்ட அதே திருடன்தான். அன்று மெக்கானிக் வாளை ஓங்கியபோது, "பாவங்க, விட்டுருங்க" என்று அவள் முந்திக்கொண்டு தன் பொத்தானை அழுத்தி அவனைத் தப்பவிட்டாள். "உனக்கு யாரப் பாத்தாலும் பாவம்தான், என்னத் தவிர" என்றவர், இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது திருடன் தலை வணங்கி, "என்னை உயிரோடு விட்டது நீங்கள்தானே?" என்று கேட்கிறான். திரையின் அடியில் மூன்று பதில்கள் மினுங்குகின்றன: ஆமாம், நான்தான். எனக்கு நினைவில்லை. அன்றே உன்னைக் கொன்றிருக்க வேண்டும். அவர் மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கிறார், நான்காவது இல்லை. "நான் இல்லப்பா" என்று கடைசியில் வாய்விட்டே சொல்கிறார். கை தானாகப் பக்கத்து இருக்கையைக் காட்டுகிறது. "அவதான்." திருடனுக்குக் காது கேட்காது. விளக்கைப் பிடித்தபடி, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கிறான்.