தலை நிறைய நுரை

என் மனைவி கடைசியாகத் திறந்துவிட்டுப் போனது எங்கள் குளியலறைத் தண்ணீரை. உள்ளே மகள், தலை நிறைய ஷாம்பு நுரையோடு கதவைத் தட்டுகிறாள். முந்தைய நாள்தான் அவளுக்கு முதல் மாதவிடாய். வெளியே என் அக்கா வால்வை மூடிவிட்டு, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "இந்த நேரத்துல தலைக்கு ஊத்துனா ரத்தம் கட்டிக்கும்." பள்ளி பள்ளியாகப் போய் இது பொய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நர்ஸ் என் மனைவி. வேலைக்குக் கிளம்பிய சீருடையோடு பல்லைக் கடிக்கிறாள். "அண்ணி, ரத்தம் வர்றது கருப்பையிலேர்ந்து. தலையிலேர்ந்து அங்க யாரும் பைப் போட்டு வைக்கல. கையை எடுங்க." "உன் பாடத்தையெல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்க." "அத்தே, கண்ணு எரியுது! சண்டையை அப்புறம் போடுங்க!" மனைவி அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். குழாய் இருமுகிறது, தண்ணீர் கொட்டுகிறது. "ஊரையே திருத்திடலாம் போல, இந்த வீட்டை முடியல" என்று முணுமுணுத்தபடி அவள் செருப்பை மாட்டுகிறாள். பேருந்து நிறுத்தத்தில் அவள்மேல் லாரி ஏறியது. அவளுக்காக மாரடித்து அழுத அக்கா, அவள் சொன்னதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. மாதவிடாயின்போது தலைக்குக் குளித்தால் ரத்தம் கட்டுவதில்லை.