இரண்டு கையாலும்

நெஞ்சுப் படபடப்பு அடங்கட்டும் என்றுதான் செல்வின் முதலில் கஞ்சா புகைத்தான். அடங்கியது. இப்போதோ போதை தெளிந்ததும் பயம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. இனி தொடுவதில்லை என்று காலையில் மனைவியிடம் சத்தியம் செய்தவன், மாலையில் சட்டைப் பையில் பொட்டலத்தோடு பள்ளிவாசல் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். கை அடிக்கடி பைக்குப் போய்த் திரும்பியது.

பள்ளிவாசல் முன் நோன்புக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த ஜெய்லானி பாய் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“என்ன தம்பி, தெருவ அளந்து பட்டா போடப் போறீங்களா? இதப் பிடிங்க.”

விளிம்புவரை கஞ்சி நிறைந்த அகலக் கிண்ணம். இரண்டு கையாலும் ஏந்தாவிட்டால் சிந்திவிடும்.

“யாருக்கு பாய்?”

“ஆளு வரும். கீழ மட்டும் வச்சிராதீங்க.”

தூக்குவாளிகளோடு பலர் வந்து வாங்கிப் போனார்கள். அவன் கையிலிருந்ததை யாரும் கேட்கவில்லை. விரல்கள் தவித்தன, கஞ்சி தளும்பியது. பொட்டலத்தைத் தொட ஒரு கையை எடுத்தால் போதும். எடுக்க முடியவில்லை.

பாங்கு ஒலித்தது. பாய் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டபடி வந்து, அவனைப் படியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆளு வரலையே பாய்?”

“நாமதான் ஆளு. பாதிய நீங்க குடிங்க, மீதிய எனக்குத் தாங்க.”

செல்வின் மெல்லக் குடித்தான். பாதியானதும் கிண்ணத்தை நீட்டினான். பகலெல்லாம் பட்டினி கிடந்த பாய் அதை வாங்க அவசரப்படவில்லை.