கேட்கக் கூடாத கேள்வி

"உங்க பொண்ணுக்கு டி.சி. கொடுக்கப் போறோம்மா," என்றார் உயிரியல் ஆசிரியர். வாசலில் மகள் கண்ணைத் துடைத்தபடி நின்றாள்.

"ஐயோ, எங்க வீட்ல படிக்கிற முதல் புள்ள சார்! அப்படி என்ன பண்ணிட்டா?"

"இனப்பெருக்க... அதாம்மா, அந்தப் பாடத்தை வீட்லயே படிச்சுக்கச் சொல்லிட்டேன். இவ பசங்க முன்னாடி எழுந்து நின்னு கேள்வி கேக்குறா. பொம்பளைப் புள்ள கேக்குற கேள்வியா அது?"

அம்மா வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சார் கேட்டா?"

ஆசிரியர் ஜன்னலைச் சாத்தினார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பூசணிப் பூவுல தேனீ உக்காந்துட்டுப் போனா அப்புறம் என்ன ஆகும்னு கேட்டா."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தேனீயோட அப்பா அம்மாவையும் வரச் சொல்லியிருக்கீங்களா சார்?"