பருத்திக்குப் போன மாத்திரை

எஸ்டேட் துரையின் பங்களாத் தோட்டத்துப் பருத்திப் பாத்தியோரம், வெயிலில், வாளித் தண்ணீருக்குள் விட்டமின் சி மாத்திரைகள் கரைந்து மஞ்சளாகப் பரவுகின்றன. வாளியைப் பிடித்திருக்கிறாள் வேலைக்காரி அகஸ்டினா. காலையில் ஈறில் ரத்தம் வடியும் மகளைத் தோட்ட மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, இந்த மாத்திரை பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வரவேயில்லை என்றாரே, அதே டிஸ்பென்சர் ஐயாதான் இப்போது செடி வளர்க்கும் ஹோர்மோன் மருந்தையும் வாளியில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்.

"ரெண்டையும் சேத்துத் தெளிச்சா பஞ்சு நீளமா வளருமாம்," என்கிறார்.

"எம்புள்ளைக்கு ஒரு மாத்திரகூட இல்லேன்னீங்களே, ஐயா."

"அவளுக்கு எலுமிச்சங்கா புழிஞ்சு குடு."

"அதத் தொரை பருத்திக்குப் புழியலாமேங்க."

ஐயாவின் கை நிற்கிறது. அப்பால், பேச்சு காதில் விழாத தூரத்தில் குந்தியிருக்கும் துரை பச்சைப் பருத்திக் காயைப் பிளந்து, வழவழவென்ற ஈர நாரை எச்சில் விரலால் நீளம் அளக்கும் அடிமட்டத்தின்மேல் இழுத்து நீவிக்கொண்டே, "என்ன சொல்லுறா?" என்கிறார்.

"தொரையோட பஞ்சு ரொம்ப அழகா இருக்குதாம்," என்று ஐயா குழைந்து சிரிக்கிறார்.