கஸ்பரின் பெயர்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் கடைக்கு மேலிருக்கும் அறையில், மாலை வெயில் பிளொப்பிக் குவியலின் மேல் விழுகிறது. டொலறஸ் தன் கணினியில், எவரும் இலவசமாக எடுக்கக்கூடிய லினக்ஸை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். இதுவரை அதில் இருந்த விண்டோசும் புரோகிராம் எழுதும் கம்பைலரும் அதே தெருவிலிருக்கும் கஸ்பர் தந்த கள்ளக் கொப்பிகள். கணினியைத் திறந்தாலே உரிமையாளர் என்று அவன் பெயர்தான் வரும். அந்தத் தெருவின் தமிழ் வீடுகளிலெல்லாம் அப்படித்தான். கஸ்பர் கதவில் சாய்ந்து நிற்கிறான். "என்ர சாமான் முழுக்க அழியப்போகுது. நாளையிண்டைக்கு இன்டர்வியூவிலை காட்டுற புரோகிராமை எதிலை எழுதுவாய், தங்கச்சி?" "இதுக்குள்ளயே கம்பைலர் இருக்கு, அண்ணை. ஆரையும் கெஞ்சத் தேவையில்லை." "படிச்ச திமிர்." "ஓம். எங்கட வீட்டிலை முதல் படிச்சவள் நான்தான். கொஞ்சம் இருக்கட்டும்." கடைசிப் பிளொப்பி கறகறத்து ஓய்கிறது. இந்தக் கணினிக்கு என்ன பெயர் என்று திரை கேட்கிறது. டொலறஸ் நிமிர்ந்து கஸ்பரைப் பார்க்கிறாள். பார்த்தபடியே, விசைகளைக் குனிந்தும் பாராமல், தன் பெயரைத் தட்டுகிறாள்.