இடது பக்க மைக்

“மறுபடியும் இடது பக்கம் செத்துப்போச்சு. உன் கையில உயிரே இல்ல.”

அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு மேசையில் இருந்தான். தங்கை இந்தப் பக்கம், டிரம்ஸுக்குப் பின்னால். அதே தாளத்தைப் பதினோராவது முறையாக வாசித்து முடித்திருந்தாள்.

கண்ணாடி குறுக்கே இருந்ததால் மட்டும் குச்சியை வீசாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வருடமாக இதே புராணம். இடது கை மந்தம், இடது கை சோம்பல். இதைச் சொல்லியே இரண்டு பாடல்களை அவளிடமிருந்து பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்தான். அவளும் நம்பித் தொலைத்தாள். இடது மணிக்கட்டில் மணல்பையைக் கட்டிக்கொண்டு பழகினாள். கை வீங்கி, சாப்பிடும்போது டம்ளர் நழுவியது.

இன்று மூன்று மணிக்கு அந்த வேறொருவன் வருகிறான். வரச்சொன்னது அண்ணன்தான். அதற்குள் இவன் வாயால் ‘சரி’ என்று வராவிட்டால் மிச்சமிருக்கும் எட்டுப் பாடல்களும் போச்சு.

மணி இரண்டரை.

டிரம்ஸை ஒட்டி நின்ற மைக்குகளில் வம்பில்லை. அண்ணன் மல்லுக்கட்டியதெல்லாம் அறைக்கோடியில் நின்ற இரண்டோடு. அடியை அல்ல, அடி விழுந்ததும் அந்த அறை எழுப்பும் முழக்கத்தைப் பிடிப்பதற்கென்றே தள்ளி நிறுத்திய மைக்குகள் அவை, இடதில் ஒன்று, வலதில் ஒன்று.

அவற்றுக்கு இடம் பார்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. எவ்வளவு எரிச்சலிலும் அதை அவள் மறுக்கமாட்டாள். அவளை வாசிக்கச் சொல்லிவிட்டு, இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு அறை முழுக்க நடப்பான். ஓசை திரண்டு வரும் இடத்தில் சட்டென்று நிற்பான். பிறகு கயிறு பிடித்து, நடு டிரம்மிலிருந்து இரண்டு மைக்குக்கும் ஒரே தூரம் வருகிறதா என்று அளப்பான்.

காலையிலிருந்து ஐந்து முறை இடம் மாற்றியாயிற்று. சுவரைப் பார்த்துத் திருப்பியாயிற்று. முழங்கால் உயரத்துக்கு இறக்கியும் பார்த்தாயிற்று.

“மைக்குதாண்ணா போயிருக்கும். மாத்திப் பாப்போம்.”

உதவியாளர் விடுப்பில் இருந்ததால் அவளே எழுந்தாள். இந்தத் தொழிலில் கோளாறு கண்டுபிடிக்க ஒரே வழிதான். வலதில் இருப்பதை இடதுக்கும் இடதில் இருப்பதை வலதுக்கும் மாற்ற வேண்டும். எதை மாற்றும்போது குறையும் கூடவே இடம் மாறுகிறதோ, அதுதான் குற்றவாளி.

மைக்குகளை மாற்றினாள். வாசித்தாள். இடதுதான் என்றான்.

கேபிள்களை மாற்றினாள். இடது.

மேசையில் செருகும் இடங்களை அவனையே மாற்றச் சொன்னாள். அப்போதும் இடது.

“பாத்தியா? எல்லாத்தையும் மாத்தியாச்சு. மாத்தாதது உன் கை ஒண்ணுதான்.”

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கதவைத் தள்ளிக்கொண்டு மேசை அறைக்குள் நுழைந்தாள். வேலை நடக்கும்போது அங்கே அவளைச் சேர்க்கவே மாட்டான். அடிப்பது உன் வேலை, கேட்பது என் வேலை என்பான்.

திரையில் இரண்டு மைக்கின் அலைகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடியிருந்தன. இரண்டும் ஒரே உயரம். அவள் விரலால் காட்டினாள்.

“படம் பொய் சொல்லும்,” என்றான். “காது சொல்லாது.”

அவன் தலையிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, பதிந்ததை ஓடவிட்டாள்.

இடது காதில் அறை அதிர்ந்தது. வலது காதிலும் அதே அதிர்வு. ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

நிறுத்தினாள். ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. திட்டுவதற்காகத்தான் அவன் பக்கம் திரும்பினாள்.

அண்ணன் குனிந்து, ஒழுங்காக இருந்த கேபிளையே பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான்.

மைக் இல்லை, கேபிள் இல்லை, மேசை இல்லை, ஹெட்போனும் இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. பாவம், இவனுக்கே தெரியாது போலிருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் கோபத்தில் பாதி வடிந்துபோனது. வடிந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஹெட்போனைத் திருப்பி, இடது காதுக்கானது வலது காதில் வருகிற மாதிரி அவன் தலையில் மாட்டினாள். கோளாறு கருவியில் என்றால் இப்போது வலது பக்கம் போயாக வேண்டும். அப்போதும் இடதிலேயே நின்றால், இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய்விடலாம். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓடவிடும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.

“ஆமா, இப்ப வலது பக்கம் கேக்கல,” என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். “ஹெட்போன்தான் போயிருக்கு.”

அவள் இன்னும் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.